ஹாலிஸ்டர் ஐயா

மெல்பேர்ணின் துல்லமரீன் விமான நிலையத்தில் சச்சிதானந்தன் ஆடிய கூத்தைப் பார்க்க அன்று தமிழர் யாரும் அங்கே இல்லாதது அவன் முற்பிறப்பில் செய்த புண்ணியம். கோட்டுப் போட்டு, கழுத்தை நெரிக்கும் டை கட்டி, 'மிஸ்டர் எம். எல். ஹாலிஸ்டர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். அமெரிக்காவிலிருந்து வந்த விமானத்தின் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தொப்பி போட்ட உயரமான கிழவர் ஒருவரைக் கண்டதும் பல்லெல்லாம் தெரிய அவரை நோக்கிப் பாய்ந்தான். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விலகிப் போய்விட்டார்.

பிறகு ஒரு வயதான பெண்மணி அவன் முன்னால் வந்து நின்றார். கட்டையாக வெட்டிய நரைமுடி, தடித்த கண்ணாடி, ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் பெட்டியில் அடைத்த சின்னத் தட்டச்சு இயந்திரம். அட்டையை ஒருதரம் வாசித்தார். அவன் முகத்தையும் ஒருதரம் வாசித்தார்.

"நீங்கள்தானே மிஸ்டர் சச்சிதானந்தன்?" என்றார் ஆங்கிலத்தில்.

"ஓ, மிஸிஸ் ஹாலிஸ்டர்! நீங்களும் வருகிறீர்கள் என்று அவர் எழுதவே இல்லையே! அவர் எங்கே?"

"வந்தாயிற்று."

"பின்னால் வருகிறாரா? கழிவறைக்குப் போயிருக்கிறாரோ?"

அவர் சூட்கேஸைக் கீழே வைத்தார். "எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, மிஸ்டர் சச்சிதானந்தன். எம் என்றால் மேபல். எல் என்றால் லூயிஸ். பத்து வருடமாக உங்களுக்குக் கடிதம் எழுதுவது நான்தான்."

சச்சி அட்டையைப் பார்த்தான். அதிலிருந்த 'மிஸ்டர்' அவனைத் திரும்பிப் பார்த்தது. பாவம், அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? எங்கள் ஆட்களில் முன்னெழுத்து இல்லாதவர் யார்? த. சச்சிதானந்தன் என்றால் 'த' தம்பிப்பிள்ளை, அவனுடைய அப்பா. அந்தக் கணக்கில் 'எம்' பாட்டனார், 'எல்' தகப்பனார், ஹாலிஸ்டர் ஆள் என்று அவன் என்றைக்கோ முடிவு கட்டியிருந்தான். முன்னெழுத்துக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கலாம் என்ற சந்தேகம் வெள்ளைக்காரருக்கு வந்தாலும் வரும். எங்களுக்கு வராது.

கொழும்பில் பொறியியல் படித்த காலத்தில், மருதானை நடைபாதையில் அட்டை கிழிந்த பழைய அமெரிக்க சஞ்சிகைகளைக் கிலோக் கணக்கில் விற்பார்கள். அதில்தான் சச்சி ஹாலிஸ்டரைக் கண்டுபிடித்தான். ஐம்பதுகளில் வந்த விண்கலக் கதைகள். அதிலும் ஒரு கதை, பூமிக்குத் திரும்பும் வழியில் தண்ணீர்த் தொட்டி ஓட்டையாகிப்போன ஒரு விண்கலத்தைப் பற்றியது. அந்தத் தண்ணீர்க் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது என்று 'மதிப்புக்குரிய ஐயா' போட்டு ஒரு கடிதம் எழுதினான். பிழைதான் என்று பதில் வந்தது. அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து அவன் மெல்பேர்ணுக்கு வந்து, தண்ணீர் வழங்கும் பகுதியில் பொறியியலாளராகச் சேர்ந்து, கிளேட்டனில் வீடு வாடகைக்கு எடுத்த பிறகும் நிற்கவில்லை. இப்போது, 1976 வைகாசியில், சிட்னியில் பெண்கள் அமைப்பு ஒன்று ஹாலிஸ்டரைப் பேச அழைத்திருந்தது. போகும் வழியில் உங்களைப் பார்க்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். பெண்கள் அமைப்பு ஏன் ஓர் ஆம்பிளையைக் கூப்பிடுகிறது என்று ஒரு கணமாவது யோசித்தானா? அதுவும் இல்லை. 'விருந்தாளியை ஹோட்டலில் விடுவது எங்கள் வழக்கமில்லை, ஐயா. என் வீட்டில்தான் தங்க வேண்டும்' என்று உடனே பதில் போட்டான்.

காரில் வரும்போது மெல்லக் கேட்டான். "ஏன் நீங்கள் ஒருதரமும் சொல்லவில்லை?"

"ஒருமுறை ஒரு சஞ்சிகையில் என் படத்தைப் போட்டார்கள்" என்றார் அவர். "அதுவரை வாசகர்கள் ராக்கெட்டைப் பற்றிக் கேட்பார்கள். அதற்குப் பிறகு பாதிப் பேர் எழுதவில்லை. மற்றப் பாதிப் பேர் ஆப்பிள் கேக் எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். உங்கள் கடிதம் வந்தபோது என் புத்தகம் ஒன்றுகூடக் கடையில் இல்லை. யாரும் எனக்கு எழுதுவதும் இல்லை. நீங்கள் தண்ணீர்க் கணக்குக்காக என்னோடு சண்டை பிடித்தீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உண்மையைச் சொன்னால் சண்டை நின்றுவிடும் என்று பயந்தேன்."

சச்சி சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினான்.

"அதோடு நீங்கள் ஒரு கடிதத்தில், நல்ல வேளை, இந்தத் துறைக்குள் பெண்கள் வந்து கெடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்" என்று அவர் சிரித்தார்.

பச்சை விளக்கு விழுந்ததை அவன் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன.

ஆனால் மனுசி வலு சோக்கான மனுசி. அன்று இரவே சொதியைச் சோற்றில் விட்டுக் கையால் குழைத்துச் சாப்பிட்டார். தேங்காய்க்கு எங்கே போவது, பெட்டியில் வரும் காய்ந்த தேங்காய்ப்பூவைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்த சொதிதான் அது. சச்சி தன் அறையைக் கொடுத்துவிட்டு வரவேற்பறையில் படுத்தான். அடுத்த நாள் காலையில் தேத்தண்ணீரோடு பழைய தண்ணீர்க் கணக்குச் சண்டையை இருவரும் மறுபடி தொடங்கினார்கள். மத்தியானத்துக்குள் அவன் வெட்கம் பாதி கரைந்துவிட்டது. கரையாத மற்றப் பாதிக்குப் பெயர் கமலினி.

கமலினி சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்தாள். அண்ணன் மகாதேவன் டொக்டர். அவர் அழைப்பித்து வந்து, ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். சாதகம் பொருந்தி, பேச்சு வளர்ந்து, வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணி சந்திரவதனாவும் கமலினியையும் கூட்டிக்கொண்டு கிளேட்டன் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் நாள் வைப்பார்கள். சச்சிக்கு முப்பத்துமூன்று வயது. பெண் பார்க்கும் பேச்சுகள் எத்தனையோ வந்து போயிருந்தன, அவனுக்கு வலிக்கவில்லை. இது போனால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். பொங்கலுக்குச் சிட்னிக்குப் போனபோது அவளிடம் அரை மணி நேரம் ஹாலிஸ்டர் புராணம் பாடியிருக்கிறான். வேறு எந்தப் பெண்ணும் ஐந்து நிமிடத்தில் எழும்பிப் போயிருப்பாள். அவள் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதோடு வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "பொம்பிளையளால இப்பிடி ஒரு கதை எழுத ஏலாது, கண்டியளோ" என்று ஒரு முத்தையும் உதிர்த்துவிட்டு வந்திருந்தான். அவள் சிரித்தாள்.

வியாழக்கிழமை ஈஸ்வரமூர்த்தி அங்கிள் வந்தார். மகனோடு மெல்பேர்ணில் இருக்கிற ஓய்வுபெற்ற மனுசன், மகாதேவனின் அப்பாவுக்குக் கூட்டாளி. வறுத்து இடித்த மிளகாய்த்தூளில் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பக்கத்து வழியால் வந்தவர், பின்வளவில் உடுப்புக் காயப்போடும் சுழல்கம்பியைக் கண்டார். சச்சியின் சாரத்துக்குப் பக்கத்தில் பூப்போட்ட ரோஸ் நிற நைட்டி ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஒரு பெண் குரல் ஆங்கிலப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அங்கிள் மணியை அடிக்கவில்லை. மிளகாய்த்தூளோடு திரும்பிப் போய்விட்டார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பின்னேரமே சிட்னியிலிருந்து டெலிபோன் வந்தது.

"தம்பி, நான் சந்திரா அக்கா கதைக்கிறன். உங்கட வீட்டில ஒரு வெள்ளைக்காரி இருக்கிறாவாமே?"

"ஆர் அக்கா சொன்னது?"

"ஆர் சொன்னால் என்ன? இருக்கிறாவோ, இல்லையோ?"

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அமெரிக்காவிலிருந்து பெரிய மனுசன் ஒருவர் வருகிறார் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன், அந்த மனுசன் மனுசியாகிவிட்டார் என்று எப்படிச் சொல்வான்? பொய்யைவிடப் பெரிய பொய்யாக அல்லவா கேட்கும்? அதைவிட, கமலினிக்குத் தெரிந்துபோகுமே! பத்து வருடம் ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுதி, பெண்ணால் எழுத முடியாது என்று கமலினியிடமே பீற்றிய மடையன் என்று.

"அது... எனக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி அக்கா" என்றான். "வயசு போன மனுசி. தன்ர வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கினமாம். நாலைஞ்சு நாளைக்கு இஞ்ச பின்னறையில இருக்கிறா."

"அப்ப அந்த அமெரிக்கக்காரர்?"

"அவர் நேர சிட்னிக்குப் போட்டார் அக்கா."

டெலிபோனை வைத்தபோது அவனுக்கு வியர்த்திருந்தது. அந்தக் குளிரில்!

ஹாலிஸ்டர் குசினி மேசையில் சிட்னிப் பேச்சைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சச்சி சுற்றி வளைத்து, எங்கள் சமூகம், எங்கள் வழக்கம், கல்யாணமாகாத பையன் என்றெல்லாம் இழுத்து, கடைசியில் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒரு இரண்டு மணி நேரம், அவர்கள் வந்து போகும் வரைக்கும், இந்த வீட்டின் சொந்தக்காரி மாதிரி இருக்க முடியுமா?

"அவ்வளவுதானே?" என்றார் அவர். "முப்பது வருடம் ஆணாக இருந்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் வீட்டுக்காரியாக இருக்க மாட்டேனா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு தட்டச்சுச் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. சச்சி கதவருகே நின்று பார்த்தான். அவர் கைகளை மடியில் வைத்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கல்யாணத்தைச் செய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையே காரில் வந்து ஈஸ்வரமூர்த்தி அங்கிள் வீட்டில் தங்கியவர்கள், பத்து மணிக்கு வந்து இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சச்சி கேசரியை அடிப்பிடிக்க விட்டிருந்தான். மேலால் வழித்து ஒரு தட்டில் வைத்தான், கருகிய சட்டியைச் சிங்க்குக்குள் போட்டான்.

மகாதேவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்து, "தண்ணி நல்ல வேகமா வருது" என்று மெச்சினார். சந்திரவதனாவின் கண் வேறு இடத்தில் இருந்தது. ஹாலிஸ்டர் தானாகவே ஒரு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்த நரைமுடியையும் தடித்த கண்ணாடியையும் கண்டதும் சந்திரவதனாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாவம், எங்கட அம்மாவின்ர வயசு" என்றாள் தமிழில். "ஈஸ்வரமூர்த்தி அங்கிளுக்கு முதல்ல கண்ணைச் சோதிக்கோணும்."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஹாலிஸ்டர் வெறுங்கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். சச்சி மூச்சு விட்டான். அப்போதுதான் கமலினி கைப்பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நூலக முத்திரை குத்திய ஹாலிஸ்டர் புத்தகம்.

"வாசிச்சனீங்களோ?" சச்சிக்கு நம்ப முடியவில்லை.

"ஓம். நீங்கள் அவ்வளவு சொன்னாப் பிறகு வாசிக்காமல் இருக்க ஏலுமே? ஆனா நீங்கள் ஒண்டு பிழையாச் சொல்லிப்போட்டீங்கள். பொம்பிளையளால இப்பிடி எழுத ஏலாது எண்டு சொன்னீங்கள். இதை எழுதினதே ஒரு பொம்பிளைதான்."

சச்சிக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறியது. "ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? வாசிக்க விளங்குது." அவள் பக்கத்தைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டி ஓட்டையான விண்கலக் கதை. "மற்ற ஆக்களின்ர கதையில ராக்கெட்டுக்குள்ள பத்துப் பேர் இருந்து சாப்பிடுவினம். சாப்பிட்ட கோப்பையெல்லாம் தன்ர பாட்டில மறைஞ்சுபோகும். இதில அப்பிடி இல்லை. சாப்பிட்டு முடியச் சட்டியை ஆர் எடுத்தது, எத்தினை கை தண்ணியில கழுவினது, கழுவின தண்ணியைப் பிறகு என்ன செய்தது, எல்லாம் இருக்கு. சட்டி கழுவாத ஆள் இதை எழுதாது."

சச்சி அந்தப் பக்கத்தைப் பார்த்தான். மனப்பாடமாகத் தெரிந்த பக்கம். அந்தத் தண்ணீர்க் கணக்குக்காகத்தானே முதல் கடிதமே எழுதினான்! தண்ணீரின் அளவைப் பார்த்தான், கழித்துப் பார்த்தான், பிழை பிடித்தான். சட்டியை அவன் பார்க்கவே இல்லை. அதைக் கழுவிய ஆளையும் பார்க்கவில்லை.

குசினிக்குள் குழாய்ச் சத்தம் கேட்டது. கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தமும், கருகிய சட்டியைச் சுரண்டும் சத்தமும் கேட்டன.

ஐயோ, நான் என்ன வேலை செய்துபோட்டன்! சச்சி எழும்பினான். இந்தக் கல்யாணம் போனால் போகட்டும் என்று நினைத்தான் என்று சொன்னால் அது பொய். போகக் கூடாது, கடவுளே, போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் குசினிக்குள் போனான். ஈரக் கையோடு நின்றவரின் ஏப்ரனை அவிழ்த்து எடுத்தான். கூட்டிக்கொண்டு வந்து எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினான்.

"அண்ணை, இவ வீட்டுக்காரி இல்லை. இவதான் ஹாலிஸ்டர்."

மகாதேவன் தேத்தண்ணீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப டெலிபோனில சொன்னது?"

"பொய் அண்ணை."

"ஹாலிஸ்டர் ஆம்பிளை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது?"

"அது பொய் இல்லை அண்ணை. விமான நிலையத்தில காணுமட்டும் நான் அப்பிடித்தான் நம்பிக்கொண்டிருந்தனான். நான் மடையன். அதை மறைக்கத்தான் பொய் சொன்னனான்."

"பொய்க்காரனுக்குத் தங்கச்சியைக் கட்டிக் குடுக்கவோ நான் இவ்வளவு தூரம் கார் ஓடி வந்தனான்?" மகாதேவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி முன்வளவுக்குப் போனார். கதவு அடித்துச் சாத்தியது.

சந்திரவதனா வாயைப் பிளந்தபடி இருந்தாள். கடைசியில் அவளிடமிருந்து வந்தது ஒரே ஒரு கேள்வி. "அப்ப தம்பி, அந்த நைட்டி மெய்யா இவவின்ரதானோ?"

ஹாலிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன நடந்தது? நான் ஏதாவது பிழையாகச் செய்தேனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கமலினி எழும்பி, தன் கதிரையை அவருக்குக் கொடுத்து, புத்தகத்தைக் காட்டி, சட்டியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் மறுபடி சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தச் சட்டியை வெட்டிவிடச் சொல்லிச் சஞ்சிகை ஆசிரியர் இரண்டு முறை சொன்னார்" என்றார். "கதைக்குத் தேவையில்லை என்றார். நான் விடவில்லை. யாராவது ஒருவர் அதைக் கவனிப்பார் என்று நினைத்தேன். வருடக்கணக்காகக் காத்திருந்தேன். பிறகு மறந்தே போனேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரே என்று சந்திரவதனாவும் சேர்ந்து அழத் தொடங்கிவிட்டாள். எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அங்கே நிற்கச் சச்சிக்கு முகம் இல்லை. குசினிக்குப் போனான். சட்டைக் கையை மடித்து, மிச்சக் கோப்பைகளைக் கழுவினான். கேசரிச் சட்டியை எடுத்தான். முன்வளவில் மகாதேவன் சிகரெட் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடப்பது யன்னலுக்குள்ளால் தெரிந்தது. வரவேற்பறையில் பெண்கள் மூவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. கண் எரிந்தது. சவர்க்காரம் பட்டுவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கமலினி வந்து குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஹாலிஸ்டர் எங்களோட கார்லயே சிட்னிக்கு வாறா" என்றாள். "நீங்கள் எழுதின கடிதங்களில என்னென்ன இருந்ததெண்டு வழி முழுக்கக் கேக்கப்போறன்."

"கடவுளே" என்றான் சச்சி. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. "அண்ணை என்ன சொல்லுறார்?"

"பொய்க்காரனுக்குத் தரமாட்டாராம்."

"நீங்கள்?"

"எனக்கும் கோவம்தான். அந்த மனுசியைப் போய் வேலைக்காரி மாதிரி..." அவள் நிறுத்தினாள். "ஆனா ஒருத்தரும் கேக்காமலே நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்து நிப்பாட்டினீங்கள். பேசாமல் இருந்திருந்தால் இண்டைக்கு நாள் வச்சிருப்பினம். உங்களுக்கும் அது தெரியும்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆவணியில நல்ல நாள் ஒண்டு இருக்கெண்டு அண்ணி சொல்லுறா. அதுக்குள்ள அண்ணாவை நான் சரிக்கட்டுவன்." அவள் கிட்ட வந்து சிங்க்குக்குள் எட்டிப் பார்த்தாள். "அடியில இன்னும் கருகல் கிடக்கு. வடிவாத் தேயுங்கோ. தண்ணியை மட்டும் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ."

சச்சிதானந்தன் குழாயைப் பூட்டிவிட்டுச் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினான்.